பாப்பாவுக்குத் தெரிந்த பன்னிரண்டு வார்த்தைகள்

குழந்தைகள் ஒப்பிப்பது எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் டீ தம்ளர் கைக்கு வருவதற்குள் ஒரு குழந்தையை இழுத்து வந்து முன்னால் நிறுத்திவிடுவார்கள். "சாருக்குச் சொல்லிக்காட்டு" என்பார்கள். பழம், பூ, மாதம், கிழமை எல்லாம் இங்கிலீஷில் வரும். நாம் பல்லைக் காட்டிக்கொண்டு கைதட்ட வேண்டும். அரியலூர் கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். சாட்சிகள் சொல்லிக் கேட்ட பொய்யைவிட இந்த ஒப்பித்தலை அதிகம் கேட்டிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை ஆலத்தியூரில் நந்தினி வீட்டிலும் அதேதான் நடந்தது. அவள் புருஷன் ஜெயசீலன் என் கட்சிக்காரன். மூன்று நாள் முன்புதான் சென்னையில் சிறப்பு நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தது. எத்தனை வருஷம் என்பதை மட்டும் அடுத்த திங்களுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாட வேண்டுமே, அதற்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அவன் அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டும் வாங்கிப் போக வந்திருந்தேன்.

சிமெண்ட் லாரி விபத்து வழக்குகளில் காலம் தள்ளுகிறவன் நான். பயங்கரவாதிகளுக்குப் பணம் அனுப்பிய வழக்கு என் கைக்கு வந்ததே வேறு யாரும் தொடாததால்தான். ஜெயசீலன் டிப்ளமோ படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், போனிலேயே கிரிப்டோ காசு வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். முகம் தெரியாத ஒருவன் அவனைப் பிடித்துக்கொண்டான். பலரிடமிருந்து வரும் ரூபாயைக் கிரிப்டோ காசாக மாற்றி, சொல்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும், நூற்றுக்கு இரண்டு கமிஷன். போன இடம் தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பு. வடக்கே ஒரு சந்தையில் குண்டு வைத்து நான்கு பேரைக் கொன்றவர்கள். 'இது நம்ம பசங்க செய்யப்போற வேலைக்கு' என்று அந்த ஆள் எழுதினான். அதற்கு இவன், 'எதுக்குன்னு எனக்குத் தேவையில்ல, கமிஷன் வந்தா போதும்' என்று பதில் எழுதினான். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நான் மூன்று நாள் வாதாடியும் அந்த வரியை அழிக்க முடியவில்லை.

கைதானபோது அவன் இன்னும் அனுப்பாத காசு முப்பத்தொரு லட்சம் பெறும். அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடத்தான் முடியாது. தொடுவதற்குப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டும். அவற்றை வரிசை மாறாமல் போட்டால், உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவனும் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். போலீஸ் கேட்டபோதும் நீதிபதி கேட்டபோதும் ஜெயசீலன் ஒரே பதிலைத்தான் சொன்னான். எழுதி வைத்த சீட்டு தொலைந்துவிட்டது, வார்த்தைகள் மறந்துவிட்டன.

இப்போது டீ வந்தது. "சக்தி, சாருக்குச் சொல்லிக்காட்டு" என்றாள் நந்தினி. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், ரெட்டைச் சடை. பழங்கள் முடிந்தன, மாதங்கள் முடிந்தன. நான் பிறப்புச் சான்றிதழில் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரிவர், ஆரஞ்ச், விண்டோ…" என்று அடுத்த பாட்டு தொடங்கியது. லயன் வந்தது, சுகர் வந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். "அம்பல்லா, லேடர்" என்று ஏழும் எட்டும் வந்தன. பன்னிரண்டில் நின்று, கைதட்டலுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குக் கை எழவில்லை.

"ஏம்மா, கடைசியாச் சொன்னது… அது யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நாந்தான் சார். ரேஷன் கார்டு கவர்ல இருந்துச்சு. லேமினேஷன் பண்ணி வச்சிருந்தாரு. ஸ்கூல்ல குடுத்த ஸ்பெல்லிங்னு நெனச்சுக்கிட்டேன். இப்பக் காணும் அது."

எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு தாள் முக்கியம் என்று பட்டுவிட்டால் அதை லேமினேஷன் பண்ணியாக வேண்டும். சாதிச் சான்றிதழ், பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட், செத்துப்போன அப்பாவின் ஆதார் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பேங்க், அரசாங்கம் என்று உலகத்தில் யாரையும் நம்பாத காசை வைத்திருந்த மகராசன் அதன் சாவியைப் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, முப்பது ரூபாய்க்கு லேமினேஷன் பண்ணி, ரேஷன் கார்டோடு செருகி வைத்திருக்கிறான்.

"பாப்பா இதச் சொல்றத அவன் கேட்டதே இல்லையா?"

"காதுல எப்பவும் ஹெட்போன் கெடக்கும் சார். அவ கத்துவா, இவரு தலைய ஆட்டுவாரு."

குழந்தையை வாசலுக்கு அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். நந்தினி சட்டென்று புரிந்துகொண்டாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், செந்துறையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். போலீஸ் வந்த அன்று காலை அடுப்படியில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு தரம் போன் வந்துச்சு சார். யாருன்னு சொல்லல. மரியாதையாத்தான் பேசுனான். 'அண்ணன் ஏதாச்சும் சீட்டு எழுதி வச்சிட்டுப் போனாரா தங்கச்சி'ன்னு கேட்டான். கடன் சீட்டு கேக்குறான்னு நெனச்சு, இல்லன்னுட்டுப் போன வச்சிட்டேன்."

நான் நல்லவன் வேஷம் போடப்போவதில்லை. எனக்கு முதலில் தோன்றியது பேரம்தான். சட்டப்படி குறைந்தது ஐந்து வருஷம், அதிகம் போனால் ஆயுள். அரசுத் தரப்பு பன்னிரண்டு வருஷம் கேட்கிறது. எப்படியும் ஐந்தாறில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது வார்த்தைகளைக் கொடுத்தால், மறந்துவிட்டது என்று அவன் சொன்னது பொய் என்றாகிவிடும். நீதிபதி கோபத்தில் இரண்டு மூன்று வருஷம் ஏற்றிவிடக்கூடும்.

"திங்கக்கிழமை வாயத் தொறக்காத. தண்டனை வரட்டும். அப்பீல்ல இத வச்சுப் பேசிப் பாக்கலாம். ஒரு ரெண்டு வருஷமாச்சும் கொறையும்" என்றேன்.

"அப்பீல் எப்ப சார் வரும்?"

"ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆவும்."

அவள் வாசலைப் பார்த்தாள். சக்தி படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு ஆண்டாயிக்கு மாதங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அது வரைக்கும் எம்புள்ள வாயி அவங்க பொட்டிக்குச் சாவியா இருக்கணுமா? வூட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவா. ஸ்கூல்ல சொல்லுவா. நாலு பேரக் கொன்ன காசு சார். அடுத்த நாலு பேரு எம்பொண்ணு சொல்லித்தான் சாவணுமா?"

"ஒம் புருஷனுக்கு வருஷம் கூடும்மா."

"கூடட்டும்."

அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. சட்டம் படித்தது நான், நியாயம் தெரிந்தது இவளுக்கு.

திங்கட்கிழமை வரை சக்திக்கு அந்தப் பாட்டைச் சொல்லத் தடை. சொல்லாமல் இருந்தால் நாளொன்றுக்கு ஒரு கடலை மிட்டாய். "எப்பத்தான் சொல்லலாம்?" என்று அந்தக் குழந்தை நச்சரித்ததாம். "அம்மா சொல்றப்ப" என்றாளாம் இவள்.

சென்னையில் நீதிபதி ஜெயசீலனைப் பார்த்துத் தண்டனை பற்றி என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டார். சின்னக் குழந்தை, வயதான தாய், குறைந்த தண்டனை என்று நான் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்பித்தான். நான் எழுந்து, மனைவி சொல்ல விரும்புகிற விஷயம் ஒன்று உண்டு என்றேன்.

நந்தினி கைகூப்பினாள். "ஐயா, அவரு மறந்துட்டேன்னு சொன்ன பன்னெண்டு வார்த்தையும் எங்கிட்ட இருக்குது" என்றாள். கூண்டில் ஜெயசீலன் நிமிர்ந்தான். அவள் அவற்றைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீதிபதி கையை உயர்த்திவிட்டார். "இங்கே சொல்ல வேண்டாம். எழுதி மூடிக் கொடுங்கள்." அத்தனை பேர் காது இருக்கிற இடமல்லவா. எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

"இதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாங்கய்யா. பணத்த எடுத்ததும் ஒரு போன் மட்டும் பண்ணச் சொல்லுங்க. எம்பொண்ணு விளையாட்டுப் பாட்டுன்னு இத மனப்பாடம் பண்ணிட்டா. புள்ளைய மறக்கச் சொல்ல முடியாதுங்க. பணத்தத்தான் காலி பண்ணணும்."

ஜெயசீலன் முகத்தைப் பார்த்தேன். மகள் தன் காதருகில் மாதக்கணக்கில் எதைக் கத்தினாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நந்தினி எழுதி மூடிய கவரை வாங்கிக்கொண்டு போலீஸ் தரப்புக் கம்ப்யூட்டர் நிபுணர் உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, திறக்கவில்லை என்றார். அரசு வக்கீல் எழுந்து, தண்டனையைக் குறைக்க நடத்துகிற நாடகம் இது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நந்தினி என்னைப் பார்த்தாள். அவள் உதடு குழந்தை சொன்ன வரிசையை மறுபடி மறுபடி சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. கார்டுதான் கருகிப்போய்விட்டதே.

கூண்டிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அந்தத் தாள ஒரு தரம் காட்டுங்க."

வாயை மூடு என்று நான் கண்ணால் சொன்னேன். வக்கீல் புத்தி. அவன் என்னைப் பார்க்கவேயில்லை. தாளைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நந்தினியின் கையெழுத்தை மேலிருந்து கீழே படித்தான்.

"ஏழாவதும் எட்டாவதும் மாறிக் கெடக்குங்க" என்றான். "எனக்கு மறக்கலங்கய்யா. எப்பவும் மறக்கல. பொய்யத்தான் சொன்னேன்."

பத்தே நிமிஷத்தில் நிபுணர் திரும்பி வந்து தலையசைத்தார்.

நீதிபதி உணவு இடைவேளைக்குப் பிறகு தண்டனையைச் சொன்னார். அவர் படித்ததில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். இந்த ஆள் இந்த மன்றத்தில் பொய் சொன்னார், அதற்குரியது சேர்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல் இந்த மன்றத்திலேயே உண்மையும் சொன்னார், அதற்குரியது கழிகிறது. எதுக்குன்னு தேவையில்ல என்று எழுதினாரே, அதற்கு மட்டும் தப்ப வழியில்லை. ஏழு வருஷம். கடைசியாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கி, இந்த வழக்கில் பணம் எதற்குப் போகும் என்று யோசித்தவர் இந்த அம்மா ஒருவர்தான் என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நீதிபதியை எழுந்து கும்பிடத் தோன்றியது அன்றுதான்.

நந்தினி அழவில்லை. ரயிலில் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "உள்ள இருந்த ரெண்டு வருஷத்தக் கழிப்பாங்களா சார்?" என்று கேட்டாள். கழிப்பார்கள் என்றேன். "அப்ப அவ ஆறாவது படிக்கிறப்ப வந்துருவாரு" என்றாள். விருத்தாசலம் தாண்டியதும் அவள் போன் அடித்தது. "சரிங்க… சரிங்க… ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் பேசிவிட்டு வைத்தாள். பணம் அரசுக் கணக்குக்குப் போய்விட்டது.

அரியலூரில் இறங்கினோம். ராத்திரி எட்டு மணி தாண்டியிருந்தது. ஆண்டாயி குழந்தையை அழைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கே வந்திருந்தாள். சக்தி ஓடி வந்து சேலையைப் பிடித்தாள்.

"அம்மா, இப்பச் சொல்லலாமா?"

நந்தினி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "சொல்லு."

நாலு நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். டீக்காரர் சிரித்தார். ரிவர், ஆரஞ்ச், விண்டோ என்று போய், "அம்பல்லா" என்று தொடங்கியபோது நந்தினி அவள் வாயில் விரல் வைத்தாள்.

"இல்லடா. மொதல்ல லேடர். அப்பறந்தான் அம்ப்ரெல்லா. அப்பா சொன்னாரு."

குழந்தை நம்பாமல் அம்மாவைப் பார்த்தது. "அப்பாவா? அப்பா எப்பக் கேட்டாரு?"

"இன்னிக்கு" என்றாள் நந்தினி. சக்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். லேடர் சொன்னாள், அம்ப்ரெல்லா சொன்னாள், பன்னிரண்டையும் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.