ஸஜாத்துக்குக் காட்டிய பலகை

1.

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. யார் மீது கோபம் என்று கேட்டால் என் மச்சான் நல்லதம்பி மீது என்பேன். இன்னொரு தடவை கேட்காதீர்கள்.

நல்லதம்பி என் மனைவி சுதர்சினியின் அண்ணன். முள்ளியவளையில் மெசின் திருத்தும் கராச் வைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு லாண்ட்மாஸ்டர்கள் உண்டு. இரண்டு சில்லும் நீளக் கைபிடியுமாக, வன்னியில் உழவுக்கும் போகும் கலியாணத்துக்கும் போகும் அந்தச் சின்ன உழவு இயந்திரம்தான். சித்திரை விளையாட்டு விழாவில், தண்ணீர் கட்டிய வயலில் அவற்றை ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள். மச்சானின் அணியில் இரண்டு சாரதிகள்: குகதாசன், ஸஜாத். முதலாவதாக வருபவருக்கு, மெசின் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்று நிரந்தர வேலை தருவதாக அறிவித்திருந்தது. புது மெசின்களை ஊரூராகக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டும் வேலை. சேமலாப நிதியோடு.

குகதாசன் முதலாவது. ஸஜாத் இரண்டாவது. அது எப்படி நடந்தது என்பதுதான் பிரச்சினை. முறைப்பாடு இருந்தால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் விழாக்குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை குகதாசனுக்கு வேலைக் கடிதம்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டு. நான் உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்:

"சூரியன் வயற்சேற்றில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்தக் காலையில், குகதாசன் தன் சிவப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டு, தூரத்து வானத்தை நோக்கி..."

(நிறுத்திவிட்டேன். பொன்னுமில்லை, ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சேறு நாறியது. குகதாசன் பார்த்தது வானத்தை அல்ல, சர்பத் விற்ற இடத்தை.)

இரண்டாம் தொடக்கம்:

"உலகத்தின் பெரிய கார்ப் பந்தய அணிகள் ஒவ்வொன்றும் இரண்டு சாரதிகளை வைத்திருக்கின்றன. இருவரையும் சமமாக நடத்துகிறோம் என்று எல்லா அணிகளும்..."

இது கட்டுரை. ஆனாலும் கொஞ்சம் இருக்கட்டும். மச்சானுக்கு இந்த வியாதி அங்கேயிருந்துதான் தொற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கார்ப் பந்தயம் பார்ப்பார். நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே நிறக் கார், ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. புதுப் பாகம் ஒன்றே ஒன்று வந்தால் அது யாருடைய காருக்குப் போகும் என்பது மட்டும் தொப்பியில் எழுதியிருக்காது. முன்னால் போகிறவனின் காதுக்குள் ரேடியோவில் ஒரு குரல் வரும்: பின்னால் வருகிறவர் உன்னைவிட வேகமாக வருகிறார். கேட்பதற்குத் தகவல் மாதிரி இருக்கும். தகவலுக்கு ஏன் ஒருவன் வழிவிட வேண்டும்?

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "நீங்கள் இருவரும் எங்களுக்குச் சமம்" என்பதை அணிக்காரர் செல்லப்பிள்ளையிடம் சொல்வதில்லை. அவனுக்கு அது தேவைப்படுவதில்லை. மற்றவனைக் கூப்பிட்டு வைத்துத்தான் சொல்கிறார்கள்.

3.

மச்சானும் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார். பந்தயத்துக்கு இரண்டு கிழமைக்கு முதல், கராச்சில்.

"இஞ்ச பாருங்கோ, என்ர அணியில பெரியாள் சின்னாள் கிடையாது. ரெண்டு மெசினும் ஒரே நாள் வாங்கினது. ஒரே எண்ணெய். ஒரே இரும்புச் சில்லு. ரெண்டுக்கும் கோயிலடியில வைச்சுத் தேசிக்காய் நசிச்சனான். என்ன ஸஜாத், உனக்கு ஏதும் குறையே?"

"இல்லை அண்ணை."

"திருநீறு பூசேக்க உன்னட்டக் கேட்டனானோ இல்லையோ?"

"கேட்டனீங்கள். மெசினுக்குப் பூசுங்கோ, நான் இப்பிடியே ஓட்டுறன் எண்டு சொன்னனான்."

கராச் முழுக்கச் சிரித்தது. மச்சான்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார்.

"பாத்தியளே! சாப்பாடும் உனக்காண்டி எல்லாருக்கும் முஸ்லிம் கடையிலதான் எடுக்கிறன். இதுக்கு மேல என்ன சமன் வேணும்?"*

சேற்றுப் பந்தயத்தில் தடம் வெட்டுவது என்று ஒரு வேலை உண்டு. தண்ணீர் நிற்கிற வயலில் எங்கே கிடங்கு, எங்கே இறுகின மண் என்று மேலே பார்த்தால் தெரியாது. யாராவது முதலில் இறங்கி, புதைந்து, இழுத்து, மறுபடி புதைந்து ஒரு வழியை உண்டாக்க வேண்டும். அதே தடத்தில் பிறகு வருகிற மெசின் தார் றோட்டில் போவதுபோலப் போகும்.

பதினாலு பின்னேரமும் தடம் வெட்டியவன் ஸஜாத். அவன் சேற்றை வழித்துக்கொண்டு கரையேறிய பிறகு இறங்கியவன் குகதாசன். மச்சான் நேர்மையானவர். இருவர் ஓடும்போதும் மணிக்கூடு பார்த்தார். இருவரின் நேரத்தையும் கராச் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதியது நான். என் கையெழுத்து வடிவானது. எழுத்தாளன் என்பதால் ஊருக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அது.

"பாத்தியே ஸஜாத், குகன் உன்னைவிட இருவது செக்கன் கெதி. மணிக்கூடு சாதி சமயம் பாக்காது."

"ஒருநாள் குகன் தடம் வெட்டட்டும் அண்ணை. பிறகு மணிக்கூட்டைப் பாப்பம்."

"அவனுக்கு அது வராதடா. நீ கெட்டிக்காரன். அதுதான் உன்னட்ட விட்டனான்."

கெட்டிக்காரன் என்று சொல்லியே ஒரு மனுசனைச் சேற்றுக்குள் வைத்திருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் நான் சோக்கட்டியைக் கீழே வைக்கவில்லை.

* அந்தக் கடைப் புரியாணியில் நானும் இரண்டு பார்சல் சாப்பிட்டேன். அநியாயத்தைக் கண்டு எனக்குப் பசி கெட்டதாகச் சரித்திரம் இல்லை.

4.

குகதாசனை வில்லனாக்கப் பார்த்தேன். சிவப்புச் சட்டை கொடுத்தேன். மெல்லிய மீசை கொடுத்தேன். ஏளனமாக ஒரு சிரிப்பும் கொடுத்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது. மச்சானின் மகள் யதுர்ஷிகாவுக்கும் அவனுக்கும் ஆவணியில் கலியாணம். நிரந்தர வேலை ஒன்று இல்லாமல் மணவறையில் ஏற வேண்டி வருமோ என்று யோசித்து யோசித்தே இளைத்துப்போனவன்.

விழாக்குழு அதுவரை யாரும் இறங்காத வயல் ஒன்றைப் பந்தயத்துக்குத் தெரிவுசெய்திருந்தது. எட்டு மெசின், ஐந்து சுற்று. வெட்டி வைத்த தடம் யாருக்கும் இல்லை. முதல் சுற்றிலேயே குகதாசன் கிடங்கில் விழுந்து எழும்பினான். ஸஜாத் விழவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடிமண்ணைச் சொல்ல அவன் பதினாலு பின்னேரம் படித்திருந்தான். படிப்பித்தவர் என் மச்சான். கடைசிச் சுற்றில் ஸஜாத் முன்னால். ஆறு மெசின் தூரம் பின்னால், அவன் போட்ட தடத்திலேயே குகதாசன். மூன்றாவதாக வந்த கனகராயன்குளத்து மெசின் மற்ற வரம்படியில் இருமிக்கொண்டிருந்தது.

மச்சான் கராச் பலகையை என் கையில் திணித்தார்.

"மச்சான், எழுதும். 'ஸஜாத், குகனுக்கு விடு.'"

"ஸஜாத் எல்லோ முன்னுக்கு நிக்கிறான்?"

"அதாலதானே விடச் சொல்லுறன். பின்னுக்கு நிக்கிறவனை என்னெண்டு விடச் சொல்லுறது?"

"அவன் வெல்லப் போறான் மச்சான்."

"ஆர் வெண்டாலும் எங்கட அணிதானே! கெதியா எழுதும். உம்மட மருமோளின்ர கலியாணம்."

எழுதினேன். தூக்கிப் பிடித்தேன். ஸஜாத் பார்த்தான். மெசினின் சத்தம் இறங்கியது. அவன் சிரித்துக்கொண்டே ஒதுங்கினான். குகதாசன் கடந்து போனான்.

சனம் கூச்சல் போட்டது. வழிவிடச் சொல்லிக் காட்டுவது பந்தய விதிக்கு மாறு. விழாக்குழுத் தலைவர் ஐயாத்துரை வரம்பால் ஓடிவந்தார். அதற்குள் மச்சான் சாரத்தால் பலகையைத் துடைத்துவிட்டார். "கிடங்கு இருக்கு, மெதுவாப் போ எண்டு காட்டினது ஐயா" என்றார். ஐயாத்துரை என் பக்கம் திரும்பி

(இந்த இடத்தில் கதை ஒரு பந்தி தாண்டுகிறது. குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்துவிட்டேன்.)

5.

முடிவுகள்.

அ. ஸஜாத்தின் கண்ணில் சேறு தெறிக்கிறது. பலகை தெரியவில்லை. வெல்கிறான்.

ஆ. பலகையைப் பார்க்கிறான். பார்த்தும் பிடியை இன்னும் முறுக்குகிறான். வெல்கிறான். நல்லதம்பி மனம் திருந்தி அவனைக் கட்டிப்பிடி... (என் மச்சான் திருந்துவதை எழுத என் பேனைக்கே வெட்கமாக இருக்கிறது.)

இ. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் குகதாசன் மெசினை நிறுத்துகிறான். ஸஜாத்துக்காகக் காத்து நிற்கிறான். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டுகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைக் கசக்கினேன்.

ஈ. எழுதத் தொடங்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸஜாத், ஜும்ஆத் தொழுகை முடித்துத் தொப்பியோடு. பின்னால் அவனுடைய மனைவி பர்வின்.

"எழுத்தாளர் அண்ணை எங்கட கதையை எழுதுறாராம் எண்டு சுதர்சினி அக்கா சொன்னவா" என்றாள் பர்வின். "எங்க, பாப்பம்."

தாள்களை மறைக்க நேரமில்லை. ஸஜாத் கதிரையில் இருந்து வாசித்தான். பர்வின் அவனுடைய தோளுக்கு மேலால் வாசித்தாள். ஓரிடத்தில் இருவரின் கண்ணும் ஒன்றாக நின்றது. ஸஜாத்தான் கேட்டான்.

"அண்ணை, குகனுக்குச் சிவப்புச் சேட் இருக்கு, மீசை இருக்கு, கலியாணம் இருக்கு, கவலையும் இருக்கு. எனக்கு என்ன இருக்கு இதில?"

நான் தாளைத் தடவிப் பார்த்தேன். "சேறு" என்றேன்.

"எனக்கு வீடு இருக்கு அண்ணை. பாதிக்கு ஓடு, பாதிக்குத் தறப்பாள். அதை எழுதுங்கோ."

"நானும் இருக்கிறன்" என்றாள் பர்வின். "இப்ப வாசலுக்கு வந்தாப் பிறகுதான் என்னைக் கண்டனீங்கள் போல."

"இதென்ன இது?" ஸஜாத் ஒரு வரியில் விரலை ஊன்றினான். "'சிரித்துக்கொண்டே ஒதுங்கினான்.' ஆர் சிரிச்சது? நான் தூசணத்தில ஏசினனான். உங்கட மச்சானுக்கு ஒண்டு, உங்களுக்கு ரெண்டு."

"மெசின் சத்தத்தில கேக்கேல்லை ஸஜாத்."

"கேக்காது எண்டபடியாத்தான் ஏசினனான்."

"பிறகு ஏன் விட்டனீ?"

இதற்குப் பதில் சொன்னது பர்வின். "அடுத்த கிழமை விதைப்பு. நல்லதம்பி அண்ணையின்ர மெசின் இல்லாட்டி இவர் எதால உழுறது? பலகையில மூண்டு சொல்லுத்தான் எழுதினது எண்டு நினைக்காதேங்கோ. சொல்லுக் கேக்காட்டி மெசினில்லை எண்டதையும் சேத்துத்தான் தூக்கிப் பிடிச்சனீங்கள்."

மேலே எழுதியதைத் திரும்பிப் பார்க்கிறேன். அவர்கள் சொன்னது சரி. குகதாசனுக்கு ஒரு முழு மனசு கொடுத்தேன். ஸஜாத்துக்குத் திறமையும் பொறுமையும் கொடுத்தேன். கடைசியில் கேட்காமலே ஒரு சிரிப்பையும் ஒட்டிவிட்டேன். அவன் நல்லவனாக நின்றால் எனக்கு நிம்மதி, அதுதான். நானும் இரண்டு சாரதிகளை வைத்துக் கதை ஓட்டியிருக்கிறேன், தடம் வெட்டும் வேலையை அதே ஆளிடம் கொடுத்துவிட்டு. அந்த வரிகளைத் திருத்தப் போவதில்லை. கிடக்கட்டும். வாசித்துவிட்டு நீங்களும் ஏசுங்கள்.

6.

"கதையை அங்கால வையுங்கோ" என்றான் ஸஜாத். "இந்தத் தாண்டின பந்தியில என்ன நடந்தது? ஐயாத்துரை ஐயா உங்களைக் கேட்டவரெல்லோ?"

கேட்டார். "தம்பி, எழுதினது நீர்தானே, என்ன எழுதினீர்?" என்று கேட்டார். ஸஜாத் நாலெட்டுத் தள்ளிச் சேற்றோடு நின்றான். நான் என் மச்சானைப் பார்த்தேன். பிறகு ஐயாத்துரையைப் பார்த்து, "கிடங்கு எண்டுதான் ஐயா" என்றேன்.

இருபது வருசமாக உண்மையை எழுதுகிறேன் என்று கூட்டங்களில் சொல்லித் திரிகிறவன் நான்.

"ரெண்டு வரி எழுதித் தந்தாக் காணும்" என்றான் ஸஜாத். "என்ன எழுதினது, ஆர் சொல்லி எழுதினது. முறைப்பாட்டை நான் எழுதிப்போட்டன். பலகையில கிடந்ததைக் கண்ட ஆள் ஒண்டு வேணும்."

குசினியிலிருந்து சுதர்சினி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதினா அண்ணன் இந்தப் படலைக்குள்ள கால் வைக்கமாட்டார். யதுவின்ர கலியாணத்துக்கு நான் என்ன முகத்தோட போறது?"

அவள் சொன்னதிலும் பிழையில்லை. 

"உன்னட்ட மெசினைப் பறிப்பார் ஸஜாத்" என்றேன். இதைச் சொன்னது அவனுக்காகவா எனக்காகவா என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

"பறிக்கட்டும். கூலிக்கு வேற மெசின் பாப்பன். வேலை கிடைக்குதோ இல்லையோ, அது கம்பனிக்காரரின்ர பாடு. ஆனா நான் தோத்தனான் எண்டு ஊரில கதைக்கினம் அண்ணை. முள்ளியவளைச் சந்தியில வைச்சு ஒராள் முதுகில தட்டி, பரவாயில்லை, ரெண்டாவதும் நல்ல இடம்தானே எண்டுறார். நான் தோக்கேல்லை. அதை ஆராவது எழுதோணும்."

அவனுடைய குரல் உயரவில்லை. மேசையிலிருந்த என் கதைத் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தான். வெறும் தாள் ஒன்றை எனக்கு முன்னால் தள்ளினான்.

7.

ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கதையில் பக்கம் பக்கமாக ஓடிய பேனை இதில் புதைந்து புதைந்து எழும்பியது. மூன்று தடவை "அணியின் நன்மை கருதி" என்று தொடங்கினேன். மூன்று தடவையும் பர்வின் தாளை மாற்றினாள். கடைசியில் வந்தது இது:

"சேற்றுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், நல்லதம்பி சொல்ல நான் பலகையில் எழுதியது: ஸஜாத், குகனுக்கு விடு. கிடங்கு என்று அன்று நான் சொன்னது பொய்."

கீழே கையெழுத்து வைத்துவிட்டேன். சுதர்சினி குசினிக்குள் போய்விட்டாள். சட்டி சத்தம் கேட்கிறது, தேவைக்கு அதிகமாகவே.

இனி விழாக்குழு இதை ஏற்குமா, பந்தயத்தைத் திரும்ப வைக்குமா, கம்பனி வேலையை யாருக்குக் கொடுக்கும், ஆவணியில் கலியாணப் பந்தலில் எனக்குக் கதிரை கிடைக்குமா, எனக்குத் தெரியாது. முடிவுகளை எழுதிப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டேன். ஆனால் விழாக்குழுவின் விதி ஒன்று இருக்கிறது. எழுதியவர் தானாகவே, ஒருவரும் வற்புறுத்தாமல் எழுதினார் என்று பார்த்திருந்த இன்னொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். முறைப்பாட்டுக்காரரும் குடும்பத்தாரும் வைக்க முடியாது. என் மனைவி வைக்கமாட்டாள்.

நீங்கள் பன்னிரண்டு மணியிலிருந்து இங்கேதான் இருக்கிறீர்கள். நான் சோடித்ததையும் பார்த்தீர்கள், தாண்டியதையும் பார்த்தீர்கள். என் பேச்சை நம்பவேண்டாம், அதற்கு நான் லாயக்கில்லை. கண்டதற்கு மட்டும் கையெழுத்து வையுங்கள்.

மணி மூன்று இருபது. ஸஜாத் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிவிட்டான். இரண்டாவது கோடு என் பெயருக்குக் கீழே இருக்கிறது. பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.