வேறொரு கை

ஒன்பது மாடிக்கு மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சுக்காரனின் மனைவி ஒரு காலைப் போட்டுவிட்டாள். வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கி வண்ணம் அடிக்கிறவள் அவள். உள்ளே சிமெண்ட் பூசுகிற அவள் புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தொங்குகிறவர்தான் தன் முடிச்சைப் போட வேண்டும். வேறொரு கை பட்டால் மொத்தத்தையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். கயிற்றுக்காரர்களின் சட்டம் அது. ஆனால் போன வாரம் பக்கத்துக் கட்டடத்தில் ஒருவன் விழுந்த சத்தம் பூச்சுக்காரனின் காதை விட்டுப் போகவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மாடித் தூணில் அவள் போட்டிருந்த முடிச்சைச் சுற்றியிருந்த சாக்கை விலக்கி, இறுக்கி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டு, சாக்கால் மூடிவிட்டான். இறுக்கும்போது ஒரு சுற்று நழுவியதுபோல் இருந்தது. நழுவியதா, இல்லையா?

சொல்லவும் வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அவளுக்குத் தெரியாமல் அவள் வேலைக்கு லீவு சொல்லி, மூன்று நாள் அவள் பேச்சில்லாமல் கிடந்தவன். "இன்னொரு தடவை என் வேலையில கை வச்சே, ஒரே வீடுதான், ஆனா நீ யாரோ நான் யாரோ" என்றிருந்தாள்.

"என்ன பூச்சு, வழியனுப்ப வந்தியா? மாலை கீலை எங்கே?" என்றார் மேஸ்திரி.

அவளுடைய மறுகாலும் எழும்பியது.

"இறங்காதே! முடிச்சுல நான் கை வச்சுட்டேன்!"

மேஸ்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் காலை உள்ளே எடுத்தாள். சாக்கை உருவி, கயிற்றை ஒற்றை விரலால் இழுத்தாள். இரண்டு முடிச்சும் பொலபொலவென்று கையோடு வந்தன.

பூச்சுக்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை வருஷம் என்னைத் தாங்குனது என் கைதான்யா. உன் பயம் இல்லை."

'இன்னிக்கு மட்டும் வேணாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். அவள் முதலிலிருந்து கட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் விரல்கள் துடித்தன. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"இங்க உக்காந்து என்னை முறைக்காதே. கீழ போய் வேலையைப் பாரு."

"எட்டாவது மாடியிலதான் பூசுறேன். தாண்டும்போது ஒரு குரல் குடேன்."

"எனக்கு வேலை இருக்கு."

படிகளில் எட்டாவது மாடிக்கு இறங்கினான். ஜன்னலுக்கு வெளியே கயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு பாதங்கள், இடுப்பு, சுவரிலேயே பதிந்த அவள் முகம். அவன் பக்கம் திரும்பவில்லை. தலையும் ஜன்னலுக்குக் கீழே மறைந்தது.

எட்டிப் பார்க்க உடம்பு முழுக்கத் துடித்தது. போகவில்லை. கரண்டியில் கலவையை அள்ளி அப்பினான். பாதி தரையில் விழுந்தது. மறுபடி அள்ளினான்.