பின்வரிசைப் புட்டி

குட்டையில் பிடித்த ஊதா நிறப் பாக்டீரியா அது. வெளிச்சத்தைத் தின்று வளரும். காற்றிலுள்ள நைட்ரஜனையும் தானே பிடித்து உணவாக்கிக்கொள்ளும். அதைப் பிடித்துத் தரும் நொதிக்கு மாலிப்டினம் என்ற உலோகம் வேண்டும். அது இல்லாவிட்டாலும் இரும்பை மட்டும் வைத்து இது பிழைத்துக்கொள்ளும் என்று ஆராய்ச்சிக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். ஆய்வகமே சிரித்தது. பக்கத்து மேசையில் வேலை பார்த்த அவள் புருஷன் மட்டும், “நான் நம்பறேன்” என்றான்.

மாலிப்டினம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் சோதனை குட்டிச்சுவர். புட்டிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் கழுவி அவள் கை வெந்துபோனது. புட்டிகளோ எதுவும் வளராமல் வெறும் தண்ணீர் மாதிரி கிடந்தன. அந்த நேரம் பார்த்து அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். புட்டிகளைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் வரிசை முழுக்க ஊதா! அவளைவிட அவன்தான் அதிகம் குதித்தான்; எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

பேராசிரியரிடம் சொல்வதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. அசெட்டிலின் வாயுவைக் கொடுத்தால் இரும்பு நொதி கொஞ்சம் ஈத்தேனும் விடும்; மாலிப்டின நொதி விடாது. வாயுவை அளக்கும் கருவியின் வரைபடத்தில் ஈத்தேன் வரவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. எல்லாப் புட்டியிலும் அதே கதை.

“என்னங்க போட்டீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “ஒரு சொட்டு மாலிப்டினம்தாம்மா. நீ தினம் அழறத பாக்க முடியல. எப்படியும் அது வளந்திருக்காது.”

“அதுக்கு மிட்டாய் வேறயா?”

புட்டிகள் அடுக்கியிருந்த விளக்கடித் தட்டை அவள் ஆத்திரத்தோடு காலி செய்தாள். கடைசியில் ஒரு புட்டி கையில் தட்டுப்பட்டது. கரைசல் குறைவென்று அவளே முன்பு பின்னால் ஒதுக்கி வைத்தது. அவன் கண்ணில் படவில்லை போலும். உள்ளே சோகை பிடித்தது போல வெளிறிய ஊதா.

அதற்கும் அசெட்டிலின் கொடுத்துக் காத்திருந்தாள். ஈத்தேன் வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது.

அவள் சொன்னது சரிதான். ஆனால் ஒற்றைப் புட்டியை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சொல்வது? எல்லாம் முதலிலிருந்து.

“அட, வளந்திருக்கே!” என்று அவன் கை நீட்டினான்.

“தொடாதீங்க. சிரிச்சவங்க மேல எனக்குக் கோபமே இல்ல, நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நீங்கதான் நம்பறேன்னு சொன்னீங்க.”

புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வேறு அறையில் தனக்கொரு மேசை தேடிப் போய்விட்டாள்.