நான்காம் பத்தி

குடும்ப நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். பிள்ளைக்காக உயிரையே கொடுப்பேன் என்று சொல்லாத ஒரு தாயையோ தகப்பனையோ இதுவரை பார்த்ததில்லை. உயிரைக் கொடுக்கத் துடிக்கும் இவர்களால் அரை மணி நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. நானும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இந்த வழக்கில் அப்பாக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அம்மாக்காரி ஒரு கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிக்கிறவள். குடி இல்லை, அடிதடி இல்லை, ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். எட்டு வயதில் ஒரே மகள். வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் வராந்தா பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் அவள், நடுவில் குழந்தையும் ஜிப் மூடாத ஒரு துணிப்பையும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடமாகக் குழந்தை அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஆலோசகருக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில் மேடம். எந்தக் குழந்தை வந்தாலும் கையில் கலர் பென்சிலைக் கொடுத்து ஒரு வீடு வரையச் சொல்வார். கதவு சின்னதாக இருந்தால் பயம், ஜன்னல் இல்லாவிட்டால் ஏக்கம் என்று படிவத்தில் குறித்துக்கொள்வார். இந்தக் குழந்தை பென்சிலை வாங்கிக்கொண்டு, "எந்த வீட்ட வரையணும்?" என்று கேட்டது. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. மேடம் தண்ணீர் குடித்துவிட்டு வேறு கேள்விக்குப் போனார்.

ஆனாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன், குழந்தை சொன்ன ஒரு விஷயத்தை அறிக்கையில் எழுதிவிட்டார். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அது எந்த வீடானாலும் சரி. வாரத்தின் நடுவில் வீடு மாறினால் ஏதாவது ஒன்று அந்த வீட்டிலேயே நின்றுவிடுகிறது. போன மாதம் மட்டும் அறிவியல் நோட்டு இல்லாமல் மூன்று முறை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். குழந்தை கேட்டது அவ்வளவுதான். அதைத் தட்டச்சு செய்தவள் நானே. அடிக்கும்போது மனசு கஷ்டப்பட்டது. அடுத்த அறிக்கையைத் தொடங்கியதும் மறந்துவிட்டேன்.

தீர்ப்பு நாளன்று இரண்டு வக்கீல்களும் வாய் கிழியப் பேசினார்கள். குழந்தையின் நலன், குழந்தையின் நலன் என்று நான் எண்ணியவரையில் முப்பது தடவைக்கு மேல் வந்தது. பேச்சு முழுவதும் புதன்கிழமையைப் பற்றித்தான். வாரத்தைப் புதனன்று இரண்டாக வெட்டுவது என்பதில் இருவருக்கும் சம்மதம். நாலரை மணிக்கா, ஐந்து மணிக்கா என்பதில்தான் தகராறு. அம்மாக்காரிக்கு ஐந்துக்கு முன் கடையை விட்டு வர முடியாது. அப்பாக்காரருக்கு நாலரைக்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தர முடியாது. குழந்தையை எங்கே கைமாற்றுவது என்பதில் இன்னொரு முக்கால் மணி நேரம் போயிற்று. அவர் வீட்டு வாசலை அவள் மிதிக்க மாட்டாள், அவள் தெருவுக்குள் அவர் வர மாட்டார். கடைசியில் ஐந்து மணி, பேருந்து நிலையத்து மருந்துக்கடை வாசல் என்று முடிவாயிற்று. ஏதோ இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லை போட்டுவிட்ட களைப்பில் வக்கீல்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் உத்தரவுகளில் நான்காவது பத்திதான் குழந்தையின் நலன். நீதிபதி ஐயா அதைத் தன் வாயால் சொல்லி எழுதவைத்து நான் பார்த்ததில்லை. நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, நாலாவது பத்தியை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளச் சொல்வார். முந்தைய வழக்கின் உத்தரவை நான் கணினியில் திறப்பேன். ஆலோசகரின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையை அழித்துவிட்டு இந்தக் குழந்தையை அடிப்பேன். அன்றைக்கு மதியத்துக்குள் ஒன்பது உத்தரவுகள். ஐந்து மணி என்பது எழுத்திலும் எண்ணிலும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நான்காவது பத்தியைப் பார்க்கவே இல்லை.

ஐயா கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் ஆளுக்கொரு நகல் கொடுத்தோம். வக்கீல்கள், பெற்றவர்கள் நான்கு பேரும் நாளும் நேரமும் இருந்த பக்கத்தைத் தலையில் பேன் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஐந்து மணிக்குமேல் பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல் காத்திருக்கலாம் என்ற வரியை அப்பாக்காரர் விரலை வைத்து வாசித்தார். எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அம்மாக்காரி போன் பேச எழுந்தபோது குழந்தை அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறது. நேராக என் மேஜைக்கு வந்தது.

"ஆன்ட்டி, இதுல எனக்கு அண்ணன் இருக்குன்னு போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஏழு வயதுச் சிறுமி, மூச்சிரைப்பு உள்ளவள், நாய்க்குப் பயப்படுவாள், அண்ணனைவிட்டுப் பிரிக்கக் கூடாது, இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருப்பதில் மகிழ்ச்சி அடைகிறாள். முந்தைய வழக்கின் குழந்தை அப்படியே உட்கார்ந்திருந்தாள். இல்லாத மகன் ஒருவனுக்கு இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவளுக்குத் தன் பிள்ளைக்கு வயது ஒன்று குறைந்தது கண்ணில் படவில்லை.

குழந்தையின் முகம் மலர்ந்திருந்தது. "அப்ப இது வேற யாருக்கோ வந்ததுதானே? நான் புதன்கிழமை மாற வேணாம்தானே?"

இருபத்திரண்டு வருடத்தில் அப்படியொரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஐயாவின் அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். ஆலோசகரின் அறிக்கையைப் பிரித்துக் குழந்தை கேட்டிருந்ததைக் காட்டினேன். ஐயா அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தார். பாவம் என்று உச்சுக் கொட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாச்சும்மா. இப்ப நாளத் தொட்டா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. பத்திய மட்டும் மாத்துங்க."

வெளியே வந்து பெற்றவர்களிடம் உத்தரவில் ஒரு பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அந்த ஒரு தடவை ஒரே குரலில் கேட்டார்கள்: "கிழமை மாறுமா?" மாறாது என்றேன். அப்பாடா என்று இருவரும் பெஞ்சில் சாய்ந்தார்கள். என்ன பிழை என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தை கேட்டது என்ன தெரியுமா என்று ஆரம்பித்தேன். அம்மாக்காரி உடனே, அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார் என்றாள். அப்பாக்காரர், அது யார் சொல்லிக்கொடுத்தது என்று தனக்குத் தெரியும் என்றார். வக்கீல்கள் கோப்பைத் திறக்கத் தொடங்கினார்கள். நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

நான்காவது பத்தியைப் புதிதாக அடித்தேன். அந்த நீதிமன்றத்தில் நான் பிழையே இல்லாமல் அடித்த பத்தி அதுவாகத்தான் இருக்கும். எட்டு வயது, உடன்பிறந்தவர் இல்லை, பள்ளி நாட்களில் ஒரே வீட்டில் இருக்க விரும்புகிறாள், எந்த வீடானாலும் சம்மதம், அறிவியல் நோட்டு உட்பட எல்லாவற்றையும் போட்டேன். அதற்குக் கீழே ஐந்தாவது பத்தி, மேற்கண்டவற்றைக் கருத்தில்கொண்டு புதன்தோறும் மாலை ஐந்து மணிக்கு என்று தொடங்கியது. ஐயா கையெழுத்திட்டார். நான்கு பேரும் மறுபடி ஐந்து மணியை மட்டும் தேடிப் பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தை மட்டும் என் மேஜை ஓரத்தில் நின்று முழுவதையும் படித்தது. உதடு அசைய அசைய, ஒரு சொல்லையும் விடாமல் படித்தது.

"இப்ப நான்தான். நான் சொன்னது எல்லாம் இருக்கு," என்றது. பிறகு ஐந்தாவது பத்தியில் விரலை வைத்தது. "அப்புறம் ஏன் இப்படி?"

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன்.

"அதெல்லாம் எங்க கையில இல்லம்மா."

சொல்லிக்கொண்டே அவள் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் முத்திரையைக் குத்தினேன்.