வாசற்படியை நிமிர்த்தினார்கள்

"நெம்புங்க, இன்னும் கொஞ்சம்!" என்றார் கொத்தனார். கடப்பாரை நுனியில் கான்கிரீட் படி முனகிக்கொண்டே எழும்பியது. அண்ணன் குப்புறப் படுத்து அதன் அடியில் ஜல்லியைத் திணித்தான். உள்ளே கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்குமா என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டைச் சுற்றி மண் அமுங்கி, மூன்று படிகளும் இடப்பக்கம் சாய்ந்து வருஷக்கணக்காகிறது. யார் சொன்னாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். "இறங்கறதெல்லாம் இறங்கியாச்சு. இனிமே எங்க போகப் போகுது?" அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டேதான் இருந்தது. விருந்தாளிகள் விழுந்தார்கள், வீட்டார் விழவில்லை. வலப்பக்கம் சாய்ந்து, ஆடுகிற நடுப்படியைத் தாண்டி, சுவரைப் பிடித்து இறங்குவது குடும்பத்துக்கே கைவந்த கலை.

"அப்பாவைக் குலுங்காம இறக்கணும்," என்று அண்ணன்தான் ஒற்றைக்காலில் நின்றான். ஆயுசு முழுக்கக் கோணலாக இறங்கிய மனுஷன் இன்றாவது நேராக இறங்கட்டும் என்று அவளுக்கும் ஆசைதான்.

கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "இனி கண்ணை மூடிட்டு இறங்கலாம்," என்றார்.

அண்ணன், அவள் கணவர், சித்தப்பா, மாமா நால்வரும் பெட்டியைத் தூக்கினார்கள். முதல் படியில் கால் வைத்ததுதான் தாமதம், நால்வரும் சொல்லிவைத்தாற்போல் வலப்பக்கம் சாய்ந்தார்கள். முன்னால் போன இருவரும் நடுப்படியை ஒரே தாண்டாகத் தாண்டினார்கள். பெட்டிக்குள் அப்பா தொம்மென்று இடித்துக்கொண்டார்.

"நேரா நடங்கய்யா! படி நேராத்தானே இருக்கு!" என்று கத்தினார் கொத்தனார்.

"நேராத்தான்யா நடக்கறோம்!" என்றார் மாமா, எட்டிச் சுவரைப் பிடித்தபடி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தான்தான் என்று புரிந்ததும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

ஒருவழியாகப் பெட்டி வண்டியில் ஏறியது. அம்மா மட்டும் மேலேயே நின்றாள்.

"வாம்மா. இப்ப பயமில்ல, சமமா இருக்கு."

"சமமா இருந்தா எனக்கென்னடி? நான் என்னைக்குப் படியைப் பார்த்து இறங்கினேன்?"

அப்பாவின் தோளைப் பிடிக்கிற மாதிரி அம்மாவின் கை காற்றில் நீண்டிருந்தது. மகள் ஏறிப்போய் அந்தக் கைக்கு அடியில் நின்றாள். தோள் எட்டவில்லை. நுனிக்காலில் எழும்பினாள்.