அடுத்த வீட்டுக்குக் கேட்காமல்

என் புருஷன் செத்த அன்று நான் வாய்விட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகளெல்லாம் ஒரே வரிசை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்தில் நாகப்பன் அண்ணன் இருந்தார்.

அண்ணனுக்குப் போன தீபாவளிக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும். அதுவரைக்கும் அவரும் என் புருஷன் அமிர்தலிங்கமும்தான் கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் நடப்பார்கள். தோட்டத்து மேளத்திலும் அவர்கள்தான் ஜோடி. திருவிழாவோ சாவோ, இரண்டு பேரும் அடித்தால்தான் மேளம் என்பார்கள்.

"பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள். இன்னொரு தடவை அடித்தால் மூளை தாங்காது" என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வேலை விட்டதும் என் புருஷன் காலைக்கூடக் கழுவாமல் அடுத்த வீட்டுக்குத்தான் போவார். அண்ணன் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி நம்பரைப் பார்த்து, "பரவால்ல லா, இன்னைக்கு மனுஷன் பிரஷர்தான்" என்று கிண்டல் செய்துவிட்டு மாத்திரையைக் கொடுப்பார். தன் கையில் அதை ஒரு நாளும் சுற்றிப் பார்த்ததில்லை. நான் சொன்னால், "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

அந்தக் கல்தான் ஒரு நாள் மிஷினோடு தேயிலைச் சரிவில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிரஷராம்.

அண்ணன் மனைவி ஜெயா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, இவருக்குத் தெரிஞ்சா மறுபடியும் அடிச்சிரும்க்கா. ஒரு உசுரு போயிருச்சு. இந்த உசுரையாவது காப்பாத்திக் குடுங்கக்கா."

லயமே அவள் சொன்னது சரி என்றது. எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் கூடி எடுத்த முடிவை எதிர்த்துப் பேச அன்று எனக்குத் தெம்பில்லை.

பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தொழிற்சாலைப் பக்கம் கோயில் மண்டபத்தில் வைத்து அப்படியே எடுத்துவிட்டார்கள். மேளம் வேண்டாம், சத்தம் கேட்கும் என்றார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்த மனுஷன் ஊமையாகப் போனார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனிடம், என் புருஷன் ஜொகூரில் எங்கள் மகள் தனுஜா வீட்டுக்குப் போயிருக்கிறார், கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். கருமாதியில் தாலியைக் கழற்றிய பிறகும் நான் பொட்டு வைத்துக்கொண்டேன். கழுத்துவரை சுவெட்டரை மாட்டிக்கொண்டேன். எங்கள் மலைக் குளிருக்கு யார் கேட்கப் போகிறார்கள்?

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும், "எப்ப… வருவான்?" என்பார்.

"கண்ணு ஆறட்டும்ணே."

"போன்?"

"பேசக் கூடாதாம்ணே."

கண் ஆபரேஷனுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "கோவம்… எம்மேல" என்றார்.

எனக்குப் புரிந்தது. கடைசியாக என் புருஷன் அங்கே போனபோது, அண்ணன் என்ன நினைத்தாரோ, கையிலிருந்த பட்டையைப் பிய்த்து அவர் முகத்திலேயே வீசிவிட்டார். அசிங்கமாகத் திட்டவும் செய்தார். என் புருஷன் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். "அடிபட்ட மூளை கத்துதுடி. அவன் கத்தல" என்றார். மறுநாள்தான் சரிவில் விழுந்தார்.

"அதெல்லாம் இல்லண்ணே" என்றேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணனின் பிரஷர் நம்பர் ஏறிக்கொண்டே போனது. ஜெயா உப்பைக் குறைத்தாள், கருவாட்டை நிறுத்தினாள், ஒன்றுக்கும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் வீட்டைக் கூட்டும்போது அண்ணனின் பழைய பூட்ஸ் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து மாத்திரைகள் கொட்டின. அவள் கொடுத்ததையெல்லாம் கன்னத்தில் ஒதுக்கி அதற்குள் துப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அவன்… வரட்டும். அவன்… குடுக்கட்டும்" என்றாராம்.

ஜெயா போய் எல்லாவற்றையும் சொன்னதும் டாக்டர் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறார். அழுதால் ஏறுகிற பிரஷர் தானாக இறங்கிவிடும், மாத்திரை நின்றால்தான் உயிருக்கு ஆபத்து, பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்லுங்கள் என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு ஜெயா மறுபடியும், "எனக்குத் தைரியம் இல்லக்கா. கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? "எத்தன நாளைக்குடி? அவரக் காப்பாத்தத்தானே நான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கேன்?" என்று கேட்டேன்.

பொட்டை அழித்தேன். சுவெட்டரைக் கழற்றினேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் நின்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"எப்ப?"

"நீங்க பட்டைய வீசுனீங்களே, அதுக்கு மறுநாளுண்ணே விழுந்தாரு. உங்க மேல கோவமே இல்லண்ணே. சிரிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு."

வாய் கோணிக்கொண்டு அழுதார். ஜெயா பட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "இருடி, அழட்டும்" என்றேன். அழுகைக்கு நடுவே, "மேளம்…?" என்றார்.

"இல்லண்ணே. உங்களுக்குக் கேக்கும்னு வேணாம்னுட்டாங்க."

இடது கையால் நாற்காலியை ஓங்கிக் குத்தினார். நான் மாத்திரையை நீட்டிக்கொண்டே நின்றேன். "அவரு குடுக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு வாங்கிக்குங்கண்ணே."

வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் பலகை அதிர்ந்தது. அந்தப் பக்கமிருந்து தட்டிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். தாளம் தப்பித் தப்பி வந்தது. ஆனாலும் எந்த அடி என்று எனக்குத் தெரியாதா? பிணம் தூக்கும்போது அடிக்கிற அடி.

நான் அழுகையை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை.