சப்பாத்தைக் கழற்ற வைத்தவர்

றோய் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "இஞ்சி போட மறந்திட்டாய்" என்றார்.

"இஞ்சி வாங்க நீங்க மறந்திட்டீங்க" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் அவர் மனைவி மார்கிறட்.

அவர் சிரித்துக்கொண்டு குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மழை விட்டிருந்தது. முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம். வாசல் பக்கம் ஆண்களின் குரலும் எஞ்சின் இரைச்சலும் கேட்டன. பருப்பை இறக்கிவைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, ஆமிப் படகொன்று வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்பக்க அணியத்தில் றோயின் முதுகு தெரிந்தது.

வயல் வட்டைக்குள் காவல் குடிசையில் ஐந்து பேர் அகப்பட்டிருந்தார்கள். அவர்களை எடுக்கப் போன படகு அது. தண்ணீருக்கடியில் வேலி எங்கே, கிணறு எங்கே என்று சிப்பாய்களுக்குத் தெரியாது. முப்பது வருடம் வாவியில் கம்பூன்றித் தோணி தாங்கிய றோய்க்குத் தெரியும். ஆனால் குளக்கட்டு உடைந்து வந்த தண்ணீர் அவருக்கும் தெரியாததாக இருந்தது. படகு புரண்டது. குடிசையில் இருந்தவர்களைப் பிறகு வேறொரு படகு கொண்டுவந்து சேர்த்தது. றோயை மறுநாள் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிவதற்குள்ளேயே ஊரில் ஒரு கதை எழும்பிவிட்டது. "துவக்கோட வந்து ஏறு எண்டா, ஏறாம நிக்க ஏலுமா? இழுத்துக்கொண்டுதான் போயிருக்கானுகள்." அப்படிச் சொன்னவர்களை மார்கிறட் குறைசொல்லவில்லை. ஆமி வாகனச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திய காலம் ஒன்று அந்த ஊருக்கு இருந்தது. ஆனால் அந்தக் கதை அவளைத் தூங்கவிடவில்லை. ஏறச் சொன்னார்களா, அவராக ஏறினாரா? பருப்பு இறக்கிய அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை அவள் பார்க்கவில்லை.

தன்னாமுனைக் கோயில் மாதர் குழு, ஆஸ்பத்திரியில் வெறுங்கையோடு வந்து கிடப்பவர்களுக்குப் பை கட்டிக் கொடுப்பது வழக்கம். துவாய், உடுக்கச் சாரம், சவர்க்காரம், பற்பசை, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. வெள்ளத்தில் காயப்பட்ட சிப்பாய்களுக்கும் கட்டினார்கள். வீடு தூரமானவர்கள், பார்க்க ஆளில்லாதவர்கள். குழுவுக்குப் பொறுப்பு சர்மிலா. அவளுடைய அண்ணன் தொண்ணூறாம் ஆண்டு கடைக்கென்று போனவர், திரும்பவில்லை. ஆமிக்காரனுக்கான பையையும் அவள்தான் முடிச்சுப் போட்டாள். றோய் இறந்த பதினோராம் நாள் வந்து சொன்னாள்:

"றோய் அண்ணர்ர படகில இருந்த பொடியன் ஒருவன் ஆறாம் கட்டில்ல கிடக்கான். நாளைக்குக் கொழும்புக்கு ஏத்துறாங்களாம்."

"அப்ப இண்டைக்கே நான் போறன்."

"உனக்கென்ன விசரா கா? முப்பத்தொண்டாம் நாள் முடியல்ல. செத்த வீட்டுக்காரி கட்டில்ல கிடக்கிறவனப் பாக்கப் போறதா? அவனுக்கு ஏதும் ஆனா?"

அந்த நம்பிக்கை மார்கிறட்டுக்கும் இருந்தது. யாரோ பெற்ற பிள்ளை. "நான் வாசல்ல நிக்கன். அவனுக்குச் சம்மதமெண்டா உள்ள போறன்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள்.

சிங்களத்தில் கேட்டுச் சொல்ல ஆசியா உம்மா வந்தார். ஓட்டமாவடியில் அரிசி வியாபாரம் செய்து, பொலன்னறுவைக்குப் போய் வந்து பேசப் பழகியவர். பைகளுக்கான துவாய்களும் அவர் கொடுத்தவைதான்.

ஆஸ்பத்திரி விடுதி வாசலில் மார்கிறட் நின்றுகொண்டாள். "ராத்தா, முதல்ல சொல்லுங்க. செத்த வீட்டிலருந்து வந்திருக்கா, முப்பத்தொரு நாள் ஆகல்ல, கிட்ட வரலாமா எண்டு கேளுங்க."

"இதெல்லாம் அவங்களுக்கு விளங்குமா புள்ள?"

"விளங்கினா என்ன, விளங்காட்டி என்ன. கேளுங்க."

ஆசியா உம்மா ஆறாம் கட்டிலுக்குப் போய்க் குனிந்து பேசினார். இருபத்தைந்து வயதிருக்கும் அவனுக்கு, பெயர் தனுக. வலது கால் முழங்கால்வரை கட்டப்பட்டிருந்தது. அவன் வாசலைப் பார்த்தான். ஏதோ சொன்னான். ஆசியா உம்மா கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அந்த வீட்டிலருந்து ஒருத்தரும் வரமாட்டாங்களா எண்டுதானாம் பத்து நாளாப் பாத்துக்கொண்டு கிடக்கான்."

மார்கிறட் பையைக் கட்டிலில் வைத்தாள். சுகம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்து வந்தவள், நேரே கேட்டுவிட்டாள். "என்ர மனிசன நீங்க ஏறச் சொன்னீங்களா, அவராத்தான் ஏறினாரா?"

ஆசியா உம்மா அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு நீளமாகப் பேசத் தொடங்கினார்.

"ராத்தா, கூட்டாம குறைக்காம கேளுங்க."

"சரிகா, சரி."

தனுக மெல்லச் சொன்னான். ஆசியா உம்மா தமிழில் சொன்னார். அவர்கள் வழி மட்டுந்தான் கேட்டார்கள். அந்த ஐயா கையைக் காட்டினார். இவர்களுக்கு விளங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து படகின் கயிற்றைப் பிடித்தார். ஏறப்போகிறார் என்று சார்ஜன் வேண்டாம் வேண்டாம் என்றார். அவர் காதில் வாங்கவில்லை. படகுக்குள் எட்டிப் பார்த்தவர் திடீரென்று ஏசத் தொடங்கிவிட்டார். இவர்களுடைய கால்களைக் காட்டிக் காட்டி ஏச்சு.

"காலையா?" என்றாள் மார்கிறட்.

"சப்பாத்தையாம். கழட்டச் சொல்லி. படகத் தொட்டுக் கண்ணில ஒத்திக் காட்டினாராம். இவனுகள் நாலு பேரும் கழட்டினாப் பிறகுதானாம் ஏறினார்."

மார்கிறட் சிரித்துவிட்டாள். அந்தக் கட்டிலருகில், பதினோராம் நாளில், வாய்விட்டு. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தாதி திரும்பிப் பார்த்தாள். சோறு போடும் தோணியில் பாதணியோடு ஏறக்கூடாது என்பது வாவிக்காரர் வழக்கம். றோய் அதில் ஒரு படி மேலே; சுவாமியாரையே செருப்பைக் கையில் எடுக்க வைத்தவர். துவக்குக்குப் பயந்து ஏறிய மனிதன் துவக்குக்காரனின் சப்பாத்தைக் கழற்ற வைப்பானா?

தனுக சிரிக்கவில்லை. இன்னும் சொன்னான். ஆசியா உம்மா உடனே மொழிபெயர்க்காமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சப்பாத்துக்குள்ள தண்ணி பூந்தா கல்லக் கட்டின மாதிரியாம் புள்ள. வெறுங்காலோட இருந்தபடியாத்தான் மேல வந்தானாம். முள்ளுக்கம்பி காலக் கிழிச்சிட்டு. மத்த மூணு பேரும் தப்பிட்டாங்களாம். உன்ர மனிசன்ர சேட்டப் பிடிச்சானாம். சேட்டுத்தான் கையோட வந்ததாம்."

அவன் வலது கையை விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கோணியது.

மார்கிறட் பையைப் பிரித்துப் புதுத் துவாயை எடுத்தாள். அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "பிடிச்சீங்கதானே மகன்" என்றாள். "அது காணும். எனக்கு அது போதும்." அதை மொழிபெயர்க்கத் திரும்பிய ஆசியா உம்மாவை அவன் கைகாட்டி நிறுத்தினான். விளங்கிவிட்டதாம்.

புறப்படும்போது அவள் அவனிடம் இரண்டு கைகளையும் கூப்பினாள். அந்த மனிதருடைய கடைசிச் சண்டையை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். அவன் தாயும் தகப்பனும் நல்லாயிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள்.

சர்மிலா கோயிலடியில் காத்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

"அவராத்தான் ஏறினவர். அவனுகள்ர சப்பாத்தையும் கழட்ட வச்சிட்டு."

சர்மிலா வாயில் கைவைத்தாள். "ஆமிட சப்பாத்தையா!" பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை இன்னும் எட்டுப் பை கட்ட இருக்கு. வாறயா?" என்றாள் சர்மிலா.

"முப்பத்தொண்டு முடியல்லயே."

"பாக்கப் போகக் கூடாதெண்டுதான் சொன்ன நான். முடிச்சுப் போடக் கூடாதெண்டா சொன்ன?"

"அப்ப வாறன்."

கோயிலுக்குப் பின்னால் துறைப்படியில் வெள்ளம் இன்னும் வடியவில்லை. காலையில் மார்கிறட் பார்த்தபோது நின்றது போலவே மேலிருந்து நாலாம் படியில் நின்றது.